துரை வம்சம் தேடுவது எப்படி? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பொன்மலை ரயில்வே காலனிக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன் நான். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் சட்டைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலோ-இந்தியர்களை அப்போது நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர்களுக்கு அது பிடிக்காது என்பது பிறகுதான் புரிந்தது. அவர்களில் ஒருவனுக்காகக் கோயில் (சர்ச்) பதிவேட்டைப் புரட்டப் போனேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அப்புறம் தங்கள் குடும்பத்து வெள்ளைக்கார முன்னோரை, அதாவது துரையை, எப்படித் தேடுவது என்று யார் யாரோ வந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பழைய மதராஸ் மாகாணத்துக்கும் அதன் கடற்கரையிலிருந்த மற்ற ஐரோப்பியக் குடியிருப்புகளுக்கும் வந்து தங்கியவர்களைப் பற்றி மட்டுமே இது.

1. "எங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா ஒரு வெள்ளைக்காரர்னு வீட்டுல சொல்வாங்க. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

முதலில் அந்த வெள்ளைக்காரரை விட்டுவிடுங்கள். உங்களிலிருந்து பின்னால் போங்கள்: உங்கள் பிறப்புச் சான்றிதழ், அப்பா அம்மா கல்யாணச் சான்றிதழ், தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டு என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் வேண்டும். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குடும்பப் பெயரை இணையத்தில் தட்டி, அந்தப் பெயரில் கிடைக்கும் பெரிய மனிதரைப் பிடித்து, அவரிடமிருந்து கீழே இறங்கி வரப் பார்க்கிறார்கள். பெரிய மனிதர் எப்போதும் கிடைப்பார். கீழே இறங்கும் படிதான் கிடைக்காது.

காகிதத்துக்கும் முன்னால் வீட்டின் மூத்த அத்தையையோ பெரியம்மாவையோ பார்த்துவிடுங்கள். "தாத்தா யார்?" என்று கேட்டால் கதைதான் வரும். "எந்தக் கோயிலுக்குப் போவார்கள்? எந்த ஊரில் அடக்கம்? பென்ஷன் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பழைய பைபிளின் முதல் பக்கத்தில் பிறந்த தேதிகள் எழுதியிருப்பார்கள். போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோ பெயரும் ஊரும் இருக்கும். அதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

2. "சர்டிஃபிகேட்டே இல்லைங்க. அந்தக் காலத்துல பிறப்பு இறப்பெல்லாம் எங்கே பதிஞ்சாங்க?"

கோயிலில். பிறப்புக்குப் பதில் ஞானஸ்நானம், இறப்புக்குப் பதில் அடக்கம், நடுவில் கல்யாணம். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28-ல் அர்ச்சிக்கப்பட்டது. அங்கே பதிவான முதல் கல்யாணம் ஒரு வாரத்தில், நவம்பர் 4-ல் நடந்தது. மாப்பிள்ளை எலிஹு யேல். பின்னால் கவர்னரானவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். மணப்பெண் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவை. அவருடைய முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸ் இறந்தது அதே வருஷம் மே மாதம். இது அன்றைக்கு அதிசயமில்லை. புருஷன் காய்ச்சலில் போனால் சில மாதங்களில் மறுகல்யாணம் என்பது பதிவேடு முழுக்க வரும். ஒரு பெண் திடீரென்று பதிவேட்டில் காணாமல் போனால் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். வேறு குடும்பப் பெயரில் அடுத்த பக்கத்திலேயே இருக்கலாம்.

முக்கியமான விஷயம் இன்னொன்று. மதராஸ் பாதிரியார்கள் தங்கள் பதிவுகளை நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். அந்த நகல்கள் 1698-லிருந்து கிடைக்கின்றன. இங்கே கரையான் தின்ற பக்கம் அங்கே பத்திரமாக இருக்கும். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் (லண்டனில் இந்திய நிர்வாகத்தைக் கவனித்த அலுவலகம்) ஆவணங்களில் என்/2 என்ற வரிசை முழுக்க மதராஸ்தான். வங்காளம் என்/1, பம்பாய் என்/3.

3. "அதுக்கு லண்டன் போகணுமா?"

வேண்டாம். ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளத்தில் பணம் கட்டினால் அந்த நகல்களின் படத்தையே பார்க்கலாம். ஃபேமிலிசெர்ச்சில் இலவசமாகப் பெயர்ப்பட்டியல் தேடலாம். ஃபிபிஸ் என்ற சங்கம், பிரிட்டிஷ் இந்தியாவில் முன்னோர் இருந்தவர்களுக்காகவே 1998-ல் தொடங்கியது, தன் பட்டியல்களை இலவசமாகத் தேட விடுகிறது. நான் எப்போதும் இலவசத்தில் ஆரம்பித்து, தேதி கிடைத்த பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுவேன்.

லண்டனில் இருப்பது நகல் என்பதை மறக்க வேண்டாம். நகலெடுத்த குமாஸ்தா அவசரத்தில் பெயரை மாற்றி எழுதியிருப்பார், ஒரு வரியை விட்டிருப்பார். மூலப் புத்தகம் இங்கே அந்தந்தக் கோயிலில் இருக்கலாம். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயில்கள் 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்துவிட்டதால், ஆயரிடமோ பேராயத்திடமோ எழுதிக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு போய்க் கேட்காதீர்கள். அன்றைக்கு ஆயருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குப் புத்தகத்தைத்தான் முதலில் நம்ப வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய நகல்கள் பெரும்பாலும் கம்பெனியின் சொந்த ஆங்கிலிக்கன் பாதிரிமார் எழுதியவை. ஸ்காட்லாந்துக்காரர் என்றால் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கையும் கேளுங்கள். 1821-லிருந்து அவர்கள் கோயில் அது.

4. "பதிவுல 'கண்டக்டர்'னு போட்டிருக்கு. அந்தக் காலத்துல ஏது பஸ்?"

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராணுவத்தில் வெடிமருந்துக் கிடங்கையும் தளவாடங்களையும் பார்த்துக்கொண்டவர் கண்டக்டர். சிப்பாய்க்கு மேலே, அதிகாரிக்குக் கீழே. சாதாரணச் சிப்பாயாக வந்து எழுத்துப் படிப்பால் உயர்ந்தவர்கள்தான் பெரும்பாலும் அந்த இடத்துக்கு வந்தார்கள். அதனால் அவருக்குப் பழைய பட்டாளப் பதிவு ஒன்று கட்டாயம் இருக்கும்.

'ரைட்டர்' என்றால் எழுத்தாளர் இல்லை, கம்பெனியின் சிவில் வேலையில் கடைசிப் படி. 'ஃபேக்டர்' அதற்கு மேல் படி. 'இன்வேலிட்' என்றால் படுக்கையில் கிடந்தவர் என்று நினைக்க வேண்டாம். வயதானவர்களையும் காயம்பட்டவர்களையும் கோட்டைக் காவலுக்குப் போட்ட படைப்பிரிவு அது. அதிலிருந்தபடியே கல்யாணம் செய்து ஐந்து பிள்ளை பெற்றவர்கள் உண்டு. 'நேச்சுரல் சன்' என்பது கல்யாணத்துக்கு வெளியே பிறந்த மகன். அதை 'சொந்த மகன்' என்று மொழிபெயர்த்துக்கொண்டு சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. "பட்டாளத்துக்காரர்னு தெரியும். பட்டாளப் பதிவு எங்கே?"

எந்தப் பட்டாளம் என்பதுதான் முதல் கேள்வி. இங்கே இரண்டு இருந்தன. ஒன்று கம்பெனியின் மதராஸ் ராணுவம், இன்னொன்று இங்கிலாந்து ராஜாவின் படை. கம்பெனி ஆள் என்றால் பிரிட்டிஷ் நூலகம்: அதிகாரியாகச் சேர்ந்த பையன்களின் கேடட் காகிதங்கள் எல்/மில்/9, மதராஸ் சிப்பாய்களின் பெயர்ப்பட்டியல்கள் எல்/மில்/11. ராஜாவின் ஆள் என்றால் அவர் திருச்சியிலேயே செத்திருந்தாலும் பதிவு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில்தான்.

இரண்டும் கலக்கும் இடம் 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வருகிறது. கம்பெனியின் ஐரோப்பியப் படைகளை ராணியின் படையோடு சேர்த்தார்கள். மதராஸ் ஃபியூசிலியர்ஸ் 1862-ல் 102-ம் ரெஜிமெண்ட் ஆனது, 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் கரைந்தது. ஒரே ஆள், ஒரே பாரக், பெயர் மட்டும் மூன்று. பாதி வாழ்க்கை ஒரு காப்பகத்தில், மீதி இன்னொன்றில்.

6. "அவர் கலெக்டர் ஆபீஸ்ல பெரிய வேலைன்னு கேள்வி."

கம்பெனி சிவில் சர்வீஸ் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வேலைக்கு மனு போட்ட பையன்களின் காகிதங்கள் 1749-லிருந்து 1856 வரை ஜே/1 வரிசையில் இருக்கின்றன. மனுவோடு ஞானஸ்நானச் சான்றும் சேர்த்திருப்பார்கள். அதாவது இங்கிலாந்தில் எந்த ஊர், எந்தக் கோயில், அப்பா யார் என்பதெல்லாம் ஒரே உறையில். சிப்பாய் வீட்டுக்கு இந்த வசதி கிடையாது.

7. "பட்டாளமும் இல்லை, கலெக்டரும் இல்லை. ஊட்டியில எஸ்டேட் வெச்சிருந்தாராம்."

முதலில் வருஷத்தைப் பாருங்கள். ஐரோப்பியர் இங்கே வந்து நிலம் பிடித்துக் குடியேறுவதைக் கம்பெனி விரும்பவே இல்லை. கம்பெனி வேலையில் இல்லாதவர் தங்குவதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். 1833 சாசனச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆகவே 1833-க்கு முன் வந்த தனி வியாபாரி என்றால் லைசென்ஸ் பதிவில் இருக்க வாய்ப்புண்டு. பின்னால் வந்த காப்பித் துரை, தேயிலைத் துரை என்றால் அரசாங்கக் காகிதத்தைவிட வருடாந்திர டைரக்டரிகள்தான் உதவும். மதராஸில் அச்சான அசைலம் பிரஸ் பஞ்சாங்கமும் இந்தியா முழுமைக்குமான தாக்கர் டைரக்டரியும் ஆள் பெயர், தொழில், ஊர் என்று வருஷா வருஷம் பட்டியல் போட்டன. எந்த வருஷம் பெயர் முதலில் வருகிறது, எந்த வருஷம் காணாமல் போகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடைவெளியில் அடக்கப் பதிவைத் தேடுங்கள்.

ரயில்வேக்காரர் என்றால் 1856-க்குப் பிறகு. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை முதல் வண்டி ஓடியது அந்த வருஷம் ஜூலையில். அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர், எங்கள் பொன்மலை, இந்த ஊர்க் கோயில்களை விடாதீர்கள்.

8. "பதிவுல இருக்கிற ஊர் எதுவுமே மேப்புல இல்லையே?"

ஊர் இருக்கிறது, பெயர்தான் வேறு. டிரிச்சினாபோலி, டின்னவெல்லி, டூட்டிகோரின் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். சாட்ராஸ் என்றால் சதுரங்கப்பட்டினம். போர்ட்டோ நோவோ என்றால் பரங்கிப்பேட்டை. புலிக்காட் என்றால் பழவேற்காடு. வெறுமனே 'தி மவுண்ட்' என்று இருந்தால் பறங்கிமலை. பீரங்கிப்படை இருந்த இடம். 'பிளாக் டவுன்' சிக்கலானது: 1746-க்கு முன் என்றால் கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த, பின்னால் இடித்துத் தள்ளப்பட்ட பழைய குடியிருப்பு, அதற்குப் பின் என்றால் இன்றைய ஜார்ஜ் டவுன்.

ஆள் பெயரும் இப்படித்தான் உருமாறும். ஹாமில்டன் பாலம் நம் வாயில் அம்பட்டன் வாராவதி ஆகி, அதை மறுபடி ஆங்கிலத்தில் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதினார்கள் என்ற கதை சென்னையில் பிரசித்தம். மதராஸ் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை 1818-ல் வெட்டிய கிணற்றுக் கல்வெட்டில் திருக்குறளை எடுத்துக்காட்டி, தன் பெயரை எல்லீசன் என்றே பொறித்தார். தமிழ்க் காகிதத்திலோ கல்லிலோ தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை மறந்து, அந்தப் பெயரை உங்கள் பாட்டி எப்படிச் சொல்லியிருப்பார் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

9. "எங்க ஊர்ல ஒரு துரை கல்லறை இருக்கு. எழுத்து தேய்ஞ்சு போச்சு. எப்படிப் படிக்கிறது?"

சாயங்காலம் நாலரை மணிக்குப் போங்கள். உச்சி வெயிலில் கல் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழும். மரத்தடி என்றால் ஒரு கண்ணாடி கொண்டுபோய் வெயிலைப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். நான் சலூன்காரரிடம் இரவல் வாங்கிய கைக்கண்ணாடியைத்தான் பல வருஷம் வைத்திருந்தேன். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் இன்னும் தெளியும். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். முக்கியமாகச் சுண்ணாம்புப் பூச்சில் எழுதிய கல்லறை என்றால் விரலால்கூடத் தேய்க்காதீர்கள், எழுத்து கையோடு வந்துவிடும்.

சில பளிங்குக் கல்லில் எழுத்தே இருக்காது, வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும் இருக்கும். ஈயத்தில் எழுத்து வார்த்துப் பதித்திருப்பார்கள். ஈயத்தை யாரோ நோண்டி எடுத்திருப்பார்கள். ஓட்டைகளின் அமைப்பை வைத்தே எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். அதே கல்லில் மிச்சமிருக்கும் ஒரு எழுத்தைப் பார்த்து, அதற்கு எத்தனை ஓட்டை, எங்கெங்கே என்று ஒரு காகிதத்தில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் ஒரு குழந்தையின் கல்லை இப்படி இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து படித்தோம். கடைசியில் கிடைத்தது ஒரு பெயரும் 'வயது 11 மாதம்' என்பதும்தான்.

படிக்கவே முடியவில்லை என்றால், உங்களுக்கு முன்னால் ஒருவர் படித்து வைத்திருக்கலாம். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி மதராஸ் மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-ல் வெளியிட்டார். அவர் பார்த்தபோது எழுத்து இருந்திருக்கும். இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கிறது. 1976-ல் லண்டனில் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கமும் இத்தகைய பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது.

10. "கல் இருக்கிற இடத்துலதானே ஆளும் இருப்பார்?"

கோட்டை புனித மேரி ஆலயத்துக்குப் போய்ப் பாருங்கள். வெளிமுற்றம் முழுக்கக் கல்லறைக் கல் பாவியிருக்கும். 1652-ல் இறந்த பெண்மணியின் கல்கூட உண்டு. ஆலயமே 1680-ல்தான் வந்தது! அந்தக் கற்களின் கீழே யாரும் இல்லை. பழைய இடுகாடு இன்றைய உயர்நீதிமன்ற, பழைய சட்டக் கல்லூரி வளாகப் பக்கம் இருந்தது. 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாக உதவின. அதனால் அவற்றை இடித்து, கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய இடத்தில் தப்பி நிற்பதில் ஒன்று 2-ம் கேள்வியில் வந்த ஜோசப் ஹின்மர்ஸின் கூம்பு வடிவக் கல்லறை. யேலுக்கும் கேத்தரினுக்கும் பிறந்து சின்ன வயதிலேயே இறந்த டேவிட்டும் அங்கேதான், அம்மாவின் முதல் புருஷனோடு.

ஆகவே கல் சொல்வது பெயரும் தேதியும்தான். இடத்துக்கு அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள்.

11. "அப்பா பேரு முழுசா இருக்கு. அம்மா பேரு வெறும் 'மேரி'. அம்மாவைக் கண்டுபிடிக்க முடியுமா?"

அதிகம் வரும் கேள்வி இது. பதில் சொல்லக் கஷ்டமானதும் இதுதான். அந்த மேரி பெரும்பாலும் இந்த ஊர்ப் பெண். ஞானஸ்நானத்தின்போது கொடுத்த பெயர் மட்டும் எழுதி, பிறந்த பெயரை, ஊரை, சாதியை, அப்பா பெயரை விட்டுவிட்டார்கள். சில இடத்தில் அதுவும் இல்லாமல் 'சுதேசிப் பெண்' என்று மட்டும். இது பாதிரியாரின் சோம்பல் மட்டுமல்ல. கம்பெனிக்கு அப்பா சம்பளப் பட்டியலில் இருக்கும் ஆள். அம்மா யாராக இருந்தால் அவர்களுக்கு என்ன?

இத்தனைக்கும் 1687-ல் லண்டன் இயக்குநர்களே, சிப்பாய்கள் இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொள்வதை ஊக்குவியுங்கள், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது தாய்க்கு ஒரு வராகன் (அன்றைய தங்க நாணயம்) கொடுங்கள் என்று மதராஸுக்கு எழுதினார்கள். நூறு வருஷத்தில் காற்று திசை மாறியது. 1791-ல் இந்தியத் தாய்க்குப் பிறந்த மகனுக்குக் கம்பெனியின் உயர் பணிகளில் இடமில்லை என்றார்கள். 1795-ல் ராணுவத்திலும் கதவை மூடி, குழல் ஊதவும் பேரிகை அடிக்கவும் வாத்தியம் வாசிக்கவும் குதிரைக்கு லாடம் கட்டவும் மட்டும் விட்டார்கள். அதனால் 1791-க்குப் பிறகு வசதியான அப்பாக்கள் அம்மாவின் பெயரை மங்கலாக விட்டது தற்செயலாக இருக்காது.

தேட வழி இருக்கிறது. ஒன்று, குழந்தைகள் எல்லோருடைய ஞானஸ்நானப் பதிவையும் பாருங்கள். மூன்றாவது குழந்தைக்கு வேறு பாதிரியார் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கலாம். ஞானத்தாய் யார் என்று கத்தோலிக்கப் பதிவில் இருக்கும். அது சித்தியாகவோ பாட்டியாகவோ இருக்க வாய்ப்புண்டு. இன்னொன்று, அனாதை இல்லங்கள். எழும்பூரில் 1789-ல் தொடங்கிய ராணுவ ஆண்கள் காப்பகத்தில் பெரும்பாலும் இத்தகைய பிள்ளைகள்தான். 1794-ல் தொடங்கிய மதராஸ் சர்வே பள்ளி அங்கிருந்துதான் பையன்களை எடுத்தது. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு மூலம் அந்தப் பள்ளி. மூன்றாவது வழி உயில். 17-ம் கேள்விக்கு வருகிறேன்.

12. "1890-ல அவரை 'ஆங்கிலோ-இந்தியன்'னு எழுதியிருக்காங்க. அப்போ கலப்புதானே?"

அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்தில் ஆங்கிலோ-இந்தியன் என்றால் இந்தியாவில் வேலை பார்த்த அசல் ஆங்கிலேயர். கலப்புக் குடும்பத்தை யூரேஷியன் என்றார்கள், அதற்கும் முன் ஈஸ்ட் இந்தியன், இந்தோ-பிரிட்டன். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் இன்றைய பொருள் அதிகாரபூர்வமாக வந்தது. நம் அரசியலமைப்பின் 366(2) பிரிவு தந்தை வழியை மட்டும் கணக்கிடுகிறது. ஆக, ஒரே சொல்லுக்கு வருஷத்தைப் பொறுத்து அர்த்தம்.

13. "என் குடும்பப் பேரு ஃபெர்னாண்டோ. அப்போ போர்ச்சுகீசிய வம்சமா?"

தூத்துக்குடிப் பக்கம் என்றால் அநேகமாக இல்லை. 1530-களில் பரதவர் சமூகம் மொத்தமாகக் கத்தோலிக்கத்துக்கு வந்தபோது, ஞானஸ்நானத்தில் போர்ச்சுகீசியப் பெயர்கள் வந்தன. பெயர் வந்தது, ரத்தம் வரவில்லை. புதுச்சேரியிலும் இதே கதை வேறு விதமாக நடந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, உள்ளூர் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வந்த தமிழர்கள் ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பலர் பிரெஞ்சுப் பெயரே எடுத்தார்கள். அதனால் பிரெஞ்சுப் பெயருள்ள புதுச்சேரிக் குடும்பத்துக்குத் துறப்புப் பதிவை முதலில் பார்ப்பேன், கப்பல் பட்டியலை அப்புறம். உங்கள் மூதாதை ஏறி வந்த கப்பலைத் தேடுவதைவிட, ஒரு குமாஸ்தா முன் நின்று தன் பெயரைத் தானே தேர்ந்தெடுத்த தமிழரைக் கண்டுபிடிப்பது எனக்கென்னவோ சுவாரசியமானது.

14. "எங்க ஆள் இங்கிலீஷ்காரர் இல்லை, டச்சு. இல்லேன்னா டேனிஷ். பதிவெல்லாம் எங்கே?"

பிரெஞ்சு என்றால் கொடுத்துவைத்தவர்: ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த ஆவணக் காப்பகம் புதுச்சேரி, காரைக்கால் பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. டச்சு என்றால் ஹேக் நகரத் தேசியக் காப்பகம். 18-ம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனிக் கப்பலில் வந்தவர்களின் சம்பளக் கணக்கை அங்கே பெயர் வைத்துத் தேடலாம். எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கே செத்தார் அல்லது ஓடிப்போனார் என்பதுவரை இருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் உண்டு. தரங்கம்பாடி 1620-லிருந்து 1845 வரை டென்மார்க் வசம் இருந்தது, அதற்குக் கோபன்ஹேகன்.

15. "ஒரே சாவுக்கு ரெண்டு தேதி வருது. எது சரி?"

1752-க்கு முன் என்றால் இரண்டும் சரியாக இருக்கலாம். ஆங்கிலேயர் அதுவரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். டச்சுக் கம்பெனியும் பிரெஞ்சுக்காரர்களும் புது நாட்காட்டியில். 17-ம் நூற்றாண்டில் 10 நாள், 1700-க்குப் பிறகு 11 நாள் வித்தியாசம். மதராஸில் 1-ம் தேதி என்றால் அதே நாள் பழவேற்காட்டில் 11 அல்லது 12. டேனிஷ்காரர்கள் 1700-ல் மாறினார்கள். இதோடு ஆங்கிலேயருக்கு வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். அதனால் ஜனவரியில் நடந்ததை 1698/9 என்று இரட்டையாக எழுதியிருப்பார்கள். டிசம்பர் 1698-ல் கல்யாணம், பிப்ரவரி 1698-ல் கணவன் சாவு என்று பார்த்துப் பதறாதீர்கள்.

16. "ஒரே பேர்ல மூணு பேர் வர்றாங்க. டி.என்.ஏ. டெஸ்ட் பண்ணிட்டா முடிஞ்சுடுமா?"

முடியாது. சாதாரண டி.என்.ஏ. பரிசோதனை ஐந்தாறு தலைமுறைக்குள் ஐரோப்பிய வழி இருக்கிறதா என்று ஓரளவு சொல்லும், வேறு நாட்டில் இருக்கும் உறவினரைக் காட்டும். எந்த ஜான் என்று சொல்லாது. நேர் தந்தை வழி ஆண் வாரிசு இருந்தால் ஒய் குரோமோசோம் பரிசோதனை உதவும். அம்மா, அம்மாவின் அம்மா என்று நேர்கோட்டில் போகும் வழிக்கு மைட்டோகாண்ட்ரியா.

மூன்று பேரைப் பிரிக்கக் காகிதம்தான். பெயர், ஊர், தொழில், வருஷம் இந்த நாலில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். அதோடு ஒவ்வொருவரும் எப்போது செத்தார் என்று பாருங்கள். நான் ஒரு குடும்பத்துக்கு மூன்று தலைமுறை வரைந்து, பிரேம் போட்டே கொடுத்தேன். பிறகு பார்த்தால் நான் பிடித்த மனிதர், கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே வேலூரில் அடக்கமாகியிருந்தார். பிரேமை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.



17. "உயில் எழுதி வெச்சிருப்பாரா? அதுல என்ன கிடைக்கும்?"

மதராஸில் ஏற்கெனவே இருந்த மேயர் கோர்ட் 1726 சாசனத்தில் புதிதாக அமைந்தது, 1798-ல் ரெக்கார்டர் கோர்ட், 1801-ல் சுப்ரீம் கோர்ட், 1862-ல் உயர்நீதிமன்றம். உயில்கள் இந்த வரிசையில் போகும். நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் எல்/ஏஜி/34/29. இங்கிலாந்திலும் சொத்து இருந்தால் கியூவில் கான்டர்பரி நீதிமன்ற உயில்களையும் பாருங்கள். அவை 1858 வரை.

பதிவேட்டில் வெறும் மேரியாக நின்றவர் உயிலில் பெயரோடு வரக்கூடும்: "என் வீட்டில் என்னோடு இருக்கும் பெண்ணுக்கு மாதம் இத்தனை வராகன், இந்தத் தோட்டத்து வீடு" என்கிற மாதிரி. 11-ம் கேள்விக்கு நான் கண்ட நல்ல பதில்கள் எல்லாம் உயிலிலிருந்து வந்தவைதான். கூடவே இறந்தவரின் சாமான் பட்டியலும் ஏலக் கணக்கும் எல்/ஏஜி/34/27-ல் இருக்கும். கிழிந்த சட்டை எத்தனை, பல்லக்கு ஒன்று, வெள்ளிக் கரண்டி ஆறு, யார் வாங்கினார், என்ன விலை என்று. அந்த வாங்கியவர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் நண்பர்களும் கடன்காரர்களும் அவர்கள்தான். சில சமயம் விதவையை அடுத்து மணந்தவரும்.

18. "உயில்ல 'என் அடிமைப் பையன்'னு ஒருத்தர் பேரு வருது. அதை எழுதணுமா, விட்டுடலாமா?"

எழுதுங்கள். 17, 18-ம் நூற்றாண்டு மதராஸ் உயில்களில் இது வரத்தான் செய்யும். 1680-களில் மதராஸ் துறையிலிருந்தே அடிமைகளைக் கப்பலேற்றினார்கள்; பழவேற்காட்டு டச்சுக்காரர்கள் இன்னும் பெரிய அளவில். 1843-ல்தான் இங்கே சட்டம் அடிமை உரிமையை ஏற்க மறுத்தது.

ஒருமுறை ஒரு பெரியவர் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு வம்ச மரத்தை வரையச் சொன்னார். நான் மறுக்கவில்லை, அவருடைய குடும்பம், அவருடைய விருப்பம். ஆனால் என் நோட்டில் அந்தப் பையனின் பெயரையும், விடுதலையோடு அவனுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்த இருபது வராகனையும் எழுதி வைத்தேன். நாலு வருஷம் கழித்து அவர் பேத்தி வந்து, "தாத்தா எதையோ எடுக்கச் சொன்னாராமே அங்கிள், அது என்ன?" என்று கேட்டாள். நோட்டைத் திறந்து காட்டினேன். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.